பாலம் எழும்பியது, ஊர் எழும்பவில்லை
(1964, 1978 சூறாவளிகள் எங்கள் கரைகளில் விட்டுச் சென்ற அழிவு)

நல்ல நாளும் அதுவுமாக அழிவைப் பற்றி எழுதுகிறானே என்று யாரும் கோபிக்க வேண்டாம். மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கத்து அண்ணர் கேட்டபோது, நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன், ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் எனக்கு வராது என்று சொன்னேன். "தெரிஞ்சதை எழுதும் தம்பி" என்றார். எனக்குத் தெரிந்தது கடற்கரைதான். நான் மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தவன். அதனால் எங்கள் கரையைத் தாக்கிய சூறாவளிகளின் வரலாற்றை, வாசித்ததையும் பெரியவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கின்றேன்.

இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் எங்கட பிள்ளைகள் அமெரிக்கக் கரையில் அடிக்கிற ஹரிக்கேன் பற்றிப் படிக்கினம். யப்பான் பக்கம் அதற்கு டைபூன் என்று பெயர். வங்காள விரிகுடாவிலே அதையே நாங்கள் புயல் என்கிறோம், சூறாவளி என்கிறோம். எல்லாம் ஒரே காற்றுத்தான். இப்போதெல்லாம் ஒவ்வொரு புயலுக்கும் பெயர் வைக்கிறார்கள். எங்கள் கடலில் அந்த வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவற்றை எங்கட சனம் ஆண்டை வைத்துத்தான் சொல்லும். "அறுபத்துநாலுப் புயல்", "எழுபத்தெட்டுச் சூறாவளி" என்றால் வயது போனவர்களுக்கு உடனே விளங்கும். பிள்ளைகளுக்கு விளங்காது. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தனுஷ்கோடி என்று ஒரு பட்டினம்

முதலில் அறுபத்துநாலுக்கு முந்திய நிலைமையைச் சொல்ல வேண்டும். இராமேஸ்வரம் தீவின் கிழக்கு முனையில், ஒரு வாள் மாதிரி கடலுக்குள் நீண்டு கிடக்கிற மணல் துண்டுதான் தனுஷ்கோடி. அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 20 மைல். இடையில் வரிசையாக மணல் திட்டுக்கள். அந்த மணல் துண்டுக்கு இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் பாக்கு நீரிணை. அது அமைதியாகக் கிடப்பதால் அந்தப் பக்கத்து மீனவர் அதைப் பெண்கடல் என்பார்கள். மறுபக்கம் மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கடல். அது அலையடிக்கிற கடல், ஆகவே ஆண்கடல்.

1914ஆம் ஆண்டு பாம்பன் கடலுக்கு மேலாக றெயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் ஏறலாம். தலைமன்னாரில் இறங்கியதும் கொழும்புக்குக் கோச்சி நிற்கும். இதைத்தான் பழைய ஆட்கள் "போட்மெயில்" என்று சொல்லுவினம். கோஷன், இர்வின் என்ற கப்பல்களின் பெயரை இன்றைக்கும் சொல்லக்கூடிய கிழவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர், வியாபாரிகள், கோயிலுக்குப் போகிறவர்கள், இந்தியாவிலே படிக்கப் போன பொடியன்கள், கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போனவர்கள் என்று எத்தனையோ பேர் அந்த வழியால் போய் வந்தார்கள்.

கப்பலும் கோச்சியும் சந்திக்கிற இடம் என்றபடியால் தனுஷ்கோடி ஒரு சின்னப் பட்டினமாகவே வளர்ந்தது. றெயில் நிலையம், சுங்கக் கந்தோர், தபாற் கந்தோர், துறைமுகக் கந்தோர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், சத்திரம் எல்லாம் இருந்தன. அதைச் சுற்றி மீனவக் குடிசைகள். பிடித்த மீனைக் கருவாடாக்கி றெயிலில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு மணல் திட்டில் இவ்வளவும் இருந்தது என்பதை இன்றைக்கு அந்த இடத்தைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

மார்கழி 22ஆம் திகதி இரவு

1964ஆம் ஆண்டு மார்கழி (டிசம்பர்) நடுப்பகுதியில் அந்தமானுக்குத் தெற்கே கடலில் ஒரு தாழமுக்கம் உண்டானது. அது நாளுக்கு நாள் பலத்து, மேற்கு நோக்கி நகர்ந்து, 22ஆம் திகதி இலங்கையின் வட பகுதியைக் குறுக்காகக் கடந்தது. திருகோணமலைப் பக்கமும், யாழ்ப்பாணமும், எங்கட மன்னாரும் அதில் அகப்பட்டன. வீடுகளின் கூரைகள் போயின. கரையில் இழுத்து வைத்திருந்த வள்ளங்களும் வாடிகளும் போயின. கடலில் நின்றவர்கள் பலர் திரும்பி வரவில்லை. எங்கட அம்மம்மா சொல்லுவா, "தென்னை எல்லாம் விழுந்தது மோனே, பனைதான் நிண்டது" என்று. பனை ஆழமாக வேர் விடுகிற மரம், காற்றுக்குச் சுலபத்தில் சாயாது என்பதைப் பிறகுதான் நான் படித்து அறிந்தேன். அம்மம்மாவுக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது.

இலங்கையைக் கடந்த புயல் அன்றிரவே தனுஷ்கோடியில் போய் விழுந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீற்றர் வரை இருந்திருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். கடல் 20 அடிக்கு மேல் எழும்பி வந்தது.

அன்றிரவு 11.55க்குப் பாம்பனில் இருந்து 653ஆம் இலக்கப் பயணிகள் றெயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி விளக்கு வேலை செய்யவில்லை. சாரதி சிறிது நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, விசில் ஊதிக்கொண்டு மெல்ல முன்னேறியதாகச் சொல்லப்படுகிறது. நிலையத்துக்குச் சில நூறு யார் தூரத்தில் ஓர் அலை வந்து றெயிலை முழுதாக மூடியது. ஒருவரும் தப்பவில்லை.

அந்தச் செய்தி வெளியுலகத்துக்குத் தெரியவே இரண்டு நாள் எடுத்தது. தந்திக் கம்பி இல்லை, பாலம் இல்லை, பாதை இல்லை. மண்டபத்தில் இருந்த கடல் அதிகாரி அனுப்பிய தகவலை வைத்துத்தான் றெயில்வேத் தலைமையகம் அறிவித்தல் விட்டது. ஒரு றெயில் நிறையச் சனம் கடலுக்குள் போய் இரண்டு நாள் யாருக்கும் தெரியாது!

ஏன் அவ்வளவு தண்ணீர் வந்தது?

புயல் என்றால் காற்றுத்தான் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கரையோரத்தில் அதிகம் பேரைக் கொல்வது தண்ணீர். புயலின் நடுவில் காற்றழுத்தம் மிகவும் குறைவு என்பதால் அந்த இடத்தில் கடல் மட்டம் கொஞ்சம் உயரும். அது சிறிய அளவுதான். பெரிய அளவு என்னவென்றால், சுற்றியடிக்கிற காற்று மணிக்கணக்காகக் கடலைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே வரும். கடல் ஆழமாக இருந்தால் தள்ளப்பட்ட தண்ணீர் அடியால் திரும்பிப் போகும். எங்கட பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. போக இடமில்லாத தண்ணீர் மேலே எழும்பிக் கரைக்குள் ஏறும். பேசின் ஒன்றில் தண்ணீரை வைத்து ஒரு பக்கமாகக் கையால் தள்ளிப் பாருங்கள், விளங்கும்.

தனுஷ்கோடியில் ஏறின தண்ணீருக்கு முன்னால் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பெண்கடலும் ஆண்கடலும் அன்றிரவு ஒன்றாகிவிட்டன. இராமேஸ்வரத்தில் கோயிலுக்குக் கிட்ட வரை வந்த தண்ணீர் அங்கே நின்றுவிட்டது என்றும், கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் தப்பினார்கள் என்றும் சொல்லுவார்கள். கடவுள் காப்பாற்றினார் என்பவர்களோடு நான் வாதாட வரவில்லை. தனுஷ்கோடியிலும் கோயிலும் தேவாலயமும் இருந்தன என்பதை மட்டும் சொல்லி வைக்கின்றேன்.

கணக்கில் வந்தவர்களும் வராதவர்களும்

இந்தப் புயலில் எல்லாமாக 1,800 பேர் அளவில் இறந்ததாகப் பொதுவாக எழுதப்பட்டிருக்கிறது. றெயிலில் இறந்தவர்கள் 115 என்பது டிக்கெற் கணக்கு. டிக்கெற் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 அளவில் வரும் என்று சொல்பவர்களும் உண்டு. குடிசையில் படுத்திருந்த மீனவக் குடும்பத்துக்கு டிக்கெற்றும் இல்லை, இடாப்பும் இல்லை. குடும்பத்தில் ஒருவராவது மிஞ்சியிருந்தால்தான் "என்ரை ஆக்கள் இத்தனை பேர்" என்று சொல்ல முடியும். முழுக் குடும்பமும் போய்விட்டால் கணக்கில் வருவது எப்படி?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நாட்களில் நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் இராமேஸ்வரத்தில் இருந்து தப்பினார்கள் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. இன்றைக்கும் அறுபத்துநாலுப் புயல் என்றால் முதலில் அதைத்தான் சொல்லுவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தனுஷ்கோடியில் கருவாடு காயப் போட்ட ஒரு அம்மாவின் பெயரைச் சொல்லச் சொன்னால் எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

46 நாள்

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். பாம்பன் பாலம் ஒன்றேகால் மைலுக்கு மேல் நீளம். 145 அளவிலான கண்களைக் கொண்டது. புயலில் அதில் 120க்கு மேற்பட்ட கண்களின் இரும்புக் கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. நடுவில் கப்பல் போகத் திறக்கிற தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. திருத்துவதற்கு ஆறு மாதம் என்று றெயில்வே முதலில் குறித்தது. மேலதிகாரி மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்புக் கொடுக்கப்பட்டவர் ஈ. ஸ்ரீதரன் என்ற 32 வயது எஞ்சினியர். பிற்காலத்தில் கொங்கண் றெயில் பாதையையும் டெல்லி மெற்றோவையும் கட்டிப் பெயர் பெற்றவர் இவர்தான். அவர் 46 நாளில் வேலையை முடித்தார்.

நான் இரும்பு வேலை நடக்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். ஒரு கர்டரை ஹோலுக்குள்ளேயே கிறேனால் தூக்கி நேராக வைக்க நாங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். அதைத் திறந்த கடலுக்கு மேலே, அந்தக் காலத்து வசதியோடு, 46 நாளில் செய்தது உண்மையிலேயே பெரிய சாதனை. தொலை தூரத்து மாநிலங்களில் இருந்து கர்டர்கள் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டிய நேரத்தில், கடலுக்கு அடியில் பழைய கர்டர்கள் கிடக்கிற இடத்தை மீனவர்கள்தான் வந்து சொன்னார்கள் என்றும், அவற்றை எடுத்துத் திருப்பிப் பூட்டியதால்தான் இவ்வளவு கெதியாக வேலை முடிந்தது என்றும் ஸ்ரீதரன் பற்றிய கட்டுரைகளில் வாசித்தேன்.

அதே நேரம் தனுஷ்கோடிக்கு என்ன நடந்தது? அது மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அன்றைய சென்னை மாநில அரசு அறிவித்தது. றெயில் பாதை திருப்பிப் போடப்படவில்லை. துறைமுகம் திருப்பிக் கட்டப்படவில்லை. தலைமன்னார்க் கப்பல் இராமேஸ்வரத்தில் இருந்து ஓடத் தொடங்கியது. பாலம் 46 நாளில் வந்தது. ஊருக்கு 60 வருடம் கடந்தும் நாள் குறிக்கப்படவில்லை.

அரசாங்கம் செய்தது முழுப் பிழை என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மணல் துண்டில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் திருப்பிக் கட்டி, இன்னொரு புயலில் பிள்ளைகளைப் பலி கொடுக்கலாமா என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாழத் தகுதியில்லை என்று சொன்ன பிறகும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். வேறு எங்கே போவது? அவர்களுக்குத் தெரிந்த கடல் அங்கேதான் இருக்கிறது. மின்சாரம் இல்லாமல், குழாய்த் தண்ணீர் இல்லாமல், ஓலைக் குடிசையில், மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் அள்ளி அங்கே பல பத்து வருடங்கள் வாழ்ந்தார்கள். காகிதத்தில் ஆட்கள் இல்லாத ஊர் என்றபடியால், அங்கே இருந்த ஆட்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. புயல் விட்டுச் சென்ற பெரிய சேதம் இடிந்த சுவர்கள் அல்ல, இந்த அறிவித்தல்தான் என்பது என்னுடைய எண்ணம்.

2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார் வீதி வந்தது. உல்லாசப் பயணிகள் வந்து இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் படம் எடுக்கிறார்கள். 2019இல் றெயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், றெயில் வரவில்லை. பாம்பனில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் கட்டி 2025 சித்திரையில் திறந்தும் விட்டார்கள். பாலத்தின் கதை ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக எழுதப்படுகிறது.

எழுபத்தெட்டு: மட்டக்களப்பு

அறுபத்துநாலுப் புயல் வடக்கைக் கடந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளி கிழக்கைத் தாக்கியது. 1978 கார்த்திகை (நவம்பர்) 23ஆம் திகதி மாலையில் தொடங்கி இரவிரவாக மட்டக்களப்பை அடித்தது. மட்டக்களப்பு உறவுகளோடு வேலை செய்கிற இடத்தில் கதைக்கும்போது ஒரு விஷயத்தை எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லுவார்கள். காற்று அடித்து, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லாமல் ஓய்ந்து, பிறகு மற்றப் பக்கத்தால் இன்னும் மோசமாக அடித்தது என்று. அந்த ஓய்வுதான் சூறாவளியின் கண். முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியிலே வந்தவர்கள் இரண்டாவது காற்றில் அகப்பட்டார்கள்.

இலங்கையில் 915 பேர் அளவில் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். வீடுகளும் கட்டிடங்களுமாக இரண்டரை இலட்சம் அளவில் சேதம். 240 பள்ளிக்கூடக் கட்டிடங்கள் பழுதாகின. நெற்களஞ்சியங்கள் 11இல் 9 அழிந்தன. மட்டக்களப்பின் மீன்பிடி வள்ளங்களில் ஐந்தில் ஒன்று போனது. நிவாரணத்துக்கு அரசாங்கம் 600 மில்லியன் ரூபாவுக்கு மேல் செலவழித்தது. அதே சூறாவளி அடுத்த நாள் கடலைக் கடந்து இராமநாதபுரத்துக் கீழக்கரைப் பக்கம் போய் ஏறியது. காற்றுக்குப் பாஸ்போட் கேட்க ஆளில்லை.

எழுபத்தெட்டில் ஒரு ஊரையும் வாழத் தகுதியற்றது என்று யாரும் எழுதவில்லை. சனம் அங்கேயே இருந்து கிடுகும் தகரமும் போட்டு எழும்பியது. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந் தோட்டங்களில் 90 வீதம், 28,000 ஏக்கர் அளவில், அழிந்து போயிற்று. இந்த ஒரு கணக்கை நின்று யோசிக்க வேண்டும். எங்கட பக்கத்துக் குடும்பத்துக்குத் தென்னை என்றால் தேங்காய் மட்டுமா? கூரைக்குக் கிடுகு, அடுப்புக்கு மட்டை, கயிற்றுக்குத் தும்பு, மகளின் சீதனத்துக்குத் தென்னங்காணி. கூலி வேலை செய்கிறவனுக்குத் தேங்காய் உரிக்கிற வேலை, கிடுகு பின்னுகிற பெண்ணுக்கு நாளாந்தக் காசு. வீட்டை ஒரு மாதத்தில் கட்டலாம். வள்ளத்தைக் கடன் எடுத்து வாங்கலாம். தென்னம்பிள்ளை நட்டால் காய்க்க ஆறு ஏழு வருடம் வேண்டும். நல்ல பலன் தரப் பத்து வருடத்துக்கு மேல்.

1979இல் நட்ட பிள்ளை எப்போது காய்த்திருக்கும்? 1985, 86. அந்த ஆண்டுகளில் மட்டக்களப்பில் என்ன நடந்தது என்பது இந்த மலரை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். 1990இல் அந்த மரங்கள் நல்ல பலன் தர வேண்டிய நேரத்தில் எத்தனையோ கிராமங்களில் தேங்காய் பொறுக்க ஆள் இருக்கவில்லை. பிறகு 2004 மார்கழி 26இல் சுனாமி அதே கரையில் ஏறியது. இப்படியாக, சூறாவளியின் காயம் ஆறுவதற்கு முதல் யுத்தம், யுத்தம் முடிவதற்கு முதல் கடல். சூறாவளியின் சேதம் எங்கே முடிந்து மற்றதன் சேதம் எங்கே தொடங்கியது என்று பிரித்து எழுத எந்தக் கந்தோரிலும் ஒரு கொப்பி இல்லை.

அதே கடலின் வடக்கு முனையில்

பிறகு செய்கிற காரியம்தான் முக்கியம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு சான்று வங்காள விரிகுடாவின் வடக்கு முனையிலே இருக்கிறது. 1970 கார்த்திகை 12ஆம் திகதி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் போலா என்ற தீவுப் பக்கம் அடித்த சூறாவளியில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தார்கள். உலகத்தில் பதியப்பட்ட சூறாவளிகளில் அதுதான் ஆகக் கூடுதலான உயிரைக் குடித்தது. நிவாரணம் ஆறுதலாகத்தான் வந்தது. சனம் கொதித்தது. அடுத்த மாதத் தேர்தலில் அவாமி லீக் பெரு வெற்றி பெற்றது. அடுத்த வருடம் யுத்தம், வங்காளதேசம் என்ற புது நாடு. காற்று மட்டும் அதைச் செய்யவில்லை. ஆனால் கைவிடப்பட்ட கரை எவ்வளவு கோபத்தைச் சேர்த்து வைத்திருக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

வங்காளதேசம் பிறகு என்ன செய்தது? கரையோரக் கிராமங்களில் தொண்டர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தது. கொடி, மெகாபோன், சைக்கிள் இவற்றோடு வீடு வீடாகப் போய் எச்சரிக்கிறது அவர்களின் வேலை. உயரமான தூண்களில் சூறாவளிக் கொட்டகைகள் கட்டினார்கள். 1991இல் வந்த சூறாவளியில் இன்னும் 1,38,000 பேர் அளவில் இறந்தார்கள். கொட்டகைகள் இன்னும் கூடின. 2007இல் சிட்ர் என்ற பலமான சூறாவளி வந்தபோது இறந்தவர்கள் 3,400 அளவில். அதுவும் பெருந்தொகைதான். ஆனாலும் மூன்று இலட்சத்தில் இருந்து அந்த அளவுக்கு வந்தது காற்று இரக்கப்பட்டதால் அல்ல.

எங்களுக்கும் இதற்கும் என்ன?

தனுஷ்கோடியை நாங்கள் வேறு ஒரு நாட்டுக் கதையாகப் பார்க்க முடியாது. புயலுக்கு இரண்டு மாதத்துக்கு முதல், 1964 ஐப்பசி 30ஆம் திகதிதான் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதில் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். அவர்களின் பாட்டன் பூட்டன்களில் பலர் எந்தக் கடல் வழியால் வந்தார்களோ அதே கடல் வழியால்தான் பேரப்பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். ஆனால் தனுஷ்கோடி இல்லாதபடியால் இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். 1984இல் யுத்தம் காரணமாக அந்தக் கப்பலும் நின்றது. தலைமன்னார்க் கோச்சி 1990இல் நின்று 2015இல்தான் திரும்ப ஓடியது.

கப்பல் நின்ற பிறகு வள்ளம்தான். 1983க்குப் பிறகும் 1990இலும் மன்னார்க் கரையில் இருந்து வெளிக்கிட்ட சனங்களை ஓட்டிகள் பல நேரம் இரவில் மணல் திட்டுக்களிலோ அரிச்சல்முனையிலோ இறக்கி விட்டுப் போனார்கள். 1990இல் அப்படிப் போன குடும்பங்களில் எங்கடதும் ஒன்று. நான் கைக்குழந்தை, எனக்கு ஒன்றும் நினைவில்லை. விடிந்ததும் முதலில் கண்ணில் பட்டது கூரையில்லாத ஒரு தேவாலயம் என்று அம்மா சொல்லுவா. இங்கேயும் ஷெல் அடிச்சுப் போட்டாங்களோ எண்டு பயந்தாவாம். அங்கே இருந்த மீனவக் குடும்பம் ஒன்று கஞ்சி வைத்துக் கொடுத்து, இது புயலால் உடைஞ்சது, பயப்பிடாதீங்க என்று சொன்னதாம். சட்டப்படி ஆளே இல்லாத ஊரில் இருந்துதான் எங்களுக்கு முதல் சாப்பாடு கிடைத்தது. 2022இல் இலங்கையில் பொருட்கள் விலை ஏறிச் சனம் பட்டினி கிடந்தபோதும் மன்னார்ப் பக்கத்தில் இருந்து போன குடும்பங்கள் அதே மணல் திட்டுக்களிலேதான் இறங்கினார்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. அகதி விசாரணையில் எங்களில் எத்தனையோ பேரிடம் காணி உறுதி எங்கே, பிறப்புப் பத்திரம் எங்கே, இந்த ஊரில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். சிலருடைய உறுதி யுத்தத்தில் எரிந்தது. சிலருடையது அதற்கு முந்தியே எழுபத்தெட்டில் மழையோடு மழையாகக் கரைந்து போனது. சூறாவளி என்று சொன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு விளங்கவில்லை என்று ஒரு மட்டக்களப்பு ஐயா எனக்குச் சொன்னார். கூரை போன வீட்டைக் கட்டலாம். தன் ஊரில் தான் இருந்ததை இன்னொருவனுக்கு நிரூபிக்க வேண்டி வந்தால் அது ஒரு தனிக் கஷ்டம்.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். அறுபத்துநாலைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். எழுபத்தெட்டை விபரம் தெரிந்த வயதில் கண்டவர்களுக்கு அறுபதாகப் போகிறது, பலருக்குத் தாண்டிவிட்டது. எங்கட சங்கத்திலேயே மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணத் தீவுப் பகுதிகளைச் சேர்ந்த முதியவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகள் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு இவர்களிடம் போய்ச் சில கேள்விகள் கேட்க வேண்டும். உங்கட ஊரின் பெயர் என்ன? புயலுக்கு முதல் கரையில் எத்தனை வீடு இருந்தது? யார் யார் இருந்தார்கள்? தண்ணீர் எந்த மரம் வரைக்கும் வந்தது? யார் திரும்பி வரவில்லை? பெயரைக் கேட்டு எழுத வேண்டும். அப்படி எழுதுகிற கொப்பிகளைச் சங்கத்து அலுமாரியில் வைக்கலாம், அடுத்த மலரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரசுரிக்கலாம். அரசாங்கங்கள் பாலத்தின் கணக்கை வைத்திருக்கும். ஊரின் கணக்கை ஊரார்தான் வைத்திருக்க வேண்டும். தட்டச்சுச் செய்கிற வேலையை, வேலை முடிந்து வந்து இரவில் நான் செய்து தருகிறேன். வகுப்பு ஆசிரியர்களும் பெற்றோரும் இதை யோசித்து முடிவு சொல்லுங்கள்.